முதலில் ஃபைல், அப்புறம்தான் டெலிமெட்ரி: ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து வெளியே போவதை அடைப்பது எப்படி

போன ஆடி மாசம் திருப்பூர் காங்கயம் ரோட்டில் இருக்கும் எங்கள் சித்தப்பாவின் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஒரு போன் வந்தது. ஆறு மாசத்துக்கு முன்னால் கணக்கு வேலையை விட்டுப் போன பையன். "ஏனுங்ணா, நம்ம ஆபீஸ் ஃபைலெல்லாம் இன்னும் என்ர போன்ல வந்துட்டே இருக்குதுங்ணா. இன்னிக்குக் காலைல கூட ரெண்டு ஆதார் வந்துச்சுங்க. பாத்துட்டு சும்மா இருக்க மனசு வரல, அதான் கூப்டேன்" என்றான்.

நடந்தது இதுதான். புது லேப்டாப்பை முதல்முதலாக ஆன் செய்தபோது அக்கவுண்ட் கேட்டது. ஷிப்மெண்ட் அவசரம், யாருக்கும் உட்கார நேரமில்லை, அந்தப் பையன் தன் சொந்த மெயில் ஐடியைப் போட்டு, அடுத்தடுத்து வந்த கேள்விக்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிவிட்டு டேலியைத் திறந்துவிட்டான். அன்றிலிருந்து டெஸ்க்டாப்பில் போட்டதெல்லாம் அவன் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. டெஸ்க்டாப்பில் என்ன இருந்தது என்றால், முப்பத்தெட்டு டெய்லர்களின் ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், பிஎஃப் நாமினி என்று எழுதிக்கொடுத்த பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அதோடு ஒரு பையருக்குப் போட்ட காஸ்டிங் ஷீட். அந்த டெய்லர்களில் பாதிப் பேர் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்கள். தங்கள் ஆதார் எங்கே போகிறது என்று கேட்கக்கூட அவர்களுக்கு வழியில்லை. நம்மை நம்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கூப்பிட்டுச் சொல்கிற பையனாக இருந்ததால் பிழைத்தோம். அதற்கப்புறம் நான் அந்த யூனிட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த லேப்டாப்பைச் சுத்தம் செய்தேன். பிறகு அதே ரோட்டில் இன்னும் நாலு யூனிட், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மாமா ஒருவரின் கணக்கு மிஷின் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அப்படிச் செய்து பழகிய வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசை என்று ஏன் சொல்கிறேன் என்றால், விண்டோஸ் தகவல் எடுக்கிறது என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் டெலிமெட்ரி என்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதாவது மிஷின் எப்படி ஓடுகிறது என்று மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்குப் போகிற தகவல். அது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மிஷின் மாடலும் அப்டேட் ஏறியதா இல்லையா என்பதும் வெளியே போவதைவிட, முழு ஆதார் ஸ்கேன் வெளியே போவது பல மடங்கு பெரிய விஷயம். அதனால் முதலில் ஃபைல், அடுத்து அக்கவுண்ட், அப்புறம் டெலிமெட்ரி, கடைசியில் விளம்பரம். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் இரண்டு மணி நேரம் ஸ்விட்ச் எல்லாம் ஆஃப் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள், ஃபைல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு தாளும் பேனாவும்

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், இரண்டு மூன்று மணி நேரம், ஒரு நோட்டு, இவ்வளவு போதும். கரண்ட் போனால் தாங்குகிற மாதிரி யுபிஎஸ்ஸோ சார்ஜோ பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைல் காப்பி ஆகும்போது பாதியில் நின்றால் வீண் தலைவலி.

அடுத்து சொல்வதைத் தாண்டிப் போகாதீர்கள். புது லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும், அதாவது என்க்ரிப்ட் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து அமைத்திருந்தால் அந்தப் பூட்டின் சாவி, 48 இலக்க எண் ஒன்று, அந்த அக்கவுண்டில் போய் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு மிஷின் ஏதோ காரணத்தால் நீலத் திரையில் நின்று அந்த எண்ணைக் கேட்டால், அது கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளது எல்லாம் போனது போனதுதான், எந்த சர்வீஸ்காரராலும் எடுக்க முடியாது. எங்கள் கதையில் அந்தச் சாவி வேலையை விட்டுப்போன பையனின் அக்கவுண்டில் இருந்தது. யோசித்துப் பாருங்கள்.

செட்டிங்ஸைத் திறந்து (விண்டோஸ் கீயோடு ஐ எழுத்தை அமுக்கினால் போதும்) "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" உள்ளே "டிவைஸ் என்க்ரிப்ஷன்" ஆனில் இருக்கிறதா பாருங்கள். ப்ரோ எடிஷன் என்றால் ஸ்டார்ட்டில் பிட்லாக்கர் என்று தேடினால் வரும். ஆனில் இருந்தால், பிரவுசரில் அந்த அக்கவுண்டின் பக்கத்துக்குப் போய், டிவைஸ் பட்டியலில் இந்த லேப்டாப்பைத் தேடி, ரெக்கவரி கீயை எடுத்து நோட்டில் எழுதுங்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதி, திருப்பி ஒருமுறை சரிபாருங்கள். பிரிண்ட் எடுத்தாலும் சரி. வீட்டுப் பத்திரம் வைக்கிற பீரோவில் வையுங்கள், லேப்டாப் பைக்குள் வைக்காதீர்கள்.

ஃபைலை வீட்டுக்குக் கூட்டி வருவது

விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு புதிதாக அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டரும் ஒன்டிரைவுக்கு, அதாவது நெட்டில் மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற சேமிப்பு இடத்துக்கு, பேக்கப் ஆகும்படிதான் பெரும்பாலும் வருகிறது. இலவசமாகக் கொடுக்கிற இடம் 5 ஜிபி. அது நிறைந்ததும் காசு கட்டச் சொல்லிக் கேட்கத் தொடங்கும், அப்போதுதான் பலருக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரிகிறது.

உங்கள் மிஷினில் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து மேலே முகவரிப் பட்டியைப் பாருங்கள். அந்தப் பாதையில் ஒன்டிரைவ் என்ற பெயர் வந்தால், நீங்கள் டெஸ்க்டாப் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஒன்டிரைவுக்குள் இருக்கிற ஒரு ஃபோல்டர். ஃபைல் பக்கத்தில் சின்னப் படமும் இருக்கும். பச்சை டிக் என்றால் ஃபைல் உங்கள் டிஸ்க்கிலும் இருக்கிறது. நீல மேகம் என்றால் ஃபைல் அங்கே மட்டும்தான் இருக்கிறது, உங்களிடம் இருப்பது பெயர்ப்பலகை மாதிரி.

இந்த நீல மேகம்தான் ஆபத்து. அதை கவனிக்காமல் ஒன்டிரைவைக் கழற்றிவிட்டால் அந்த ஃபைல்கள் உங்கள் மிஷினில் இருந்து காணாமல் போய்விடும். எனவே முதல் வேலை, ஒன்டிரைவ் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். எல்லா மேகமும் பச்சையாக மாறும் வரை காத்திருக்க வேண்டும், நெட் மெதுவாக இருந்தால் மத்தியானம் வரை ஆகும். மாறியதும் மொத்தத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். எடுத்ததோடு விடாமல், டிஸ்க்கில் இருந்து அங்கொன்று இங்கொன்றாகப் பத்து ஃபைலைத் திறந்து பாருங்கள், முக்கியமாக டேலி பேக்கப், ஜிஎஸ்டி ஃபோல்டர், சம்பளப் பட்டியல். திறக்கிறதா? சரி, இனிமேல்தான் கை வைக்க வேண்டும்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகத்தை அமுக்கி, அதன் செட்டிங்ஸில் "சிங்க் அண்ட் பேக்கப்", அதற்குள் "மேனேஜ் பேக்கப்". மூன்று ஃபோல்டரையும் ஒவ்வொன்றாக ஆஃப் செய்யுங்கள். ஃபைலை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால் என் கம்ப்யூட்டரில் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில மிஷின்களில் அப்படிக் கேட்காது. ஆஃப் செய்த உடனே டெஸ்க்டாப் துடைத்துவிட்டது மாதிரி காலியாகிவிடும். அன்று சித்தப்பா முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பயப்படாதீர்கள், ஃபைல் எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கிற பழைய டெஸ்க்டாப் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அங்கிருந்து வெட்டி உண்மையான டெஸ்க்டாப்பில் ஒட்டினால் முடிந்தது. அப்புறம் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் "அன்லிங்க் திஸ் பிசி". தேவையே இல்லை என்றால் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் இருந்து அதை எடுத்தும் விடலாம்.

இதுவரை செய்ததில் புதிதாகப் போவது நின்றிருக்கிறது, ஏற்கெனவே போனது அங்கேயேதான் இருக்கிறது. பிரவுசரில் அந்த அக்கவுண்டுக்குள் போய் அழிக்க வேண்டும், அழித்தவுடன் அங்கே ஒரு ரீசைக்கிள் பின் இருக்கும், அதில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்ய வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்தப் பையனே அடுத்த ஞாயிறு தாராபுரத்தில் இருந்து பஸ் ஏறி வந்தான். எங்கள் கண்முன்னால் எல்லாவற்றையும் அழித்து, பின்னையும் காலி செய்து, போனில் டவுன்லோடு ஆகியிருந்த இரண்டு மூன்று படங்களையும் தேடி எடுத்துவிட்டு, சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனான். உங்கள் ஆபீஸில் அப்படி யாருடைய மெயில் ஐடியில் மிஷின் ஓடுகிறது என்று இன்றைக்கே கேளுங்கள், அவர் வேலையில் இருக்கும்போதே கேட்பது சுலபம்.

கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றால் முதலாளி பெயரில், இரண்டடுக்கு சரிபார்ப்போடு, ஆபீஸுக்கென்றே ஒரு அக்கவுண்ட் வைத்து, எந்த ஃபோல்டர் போகலாம் என்று நீங்கள் முடிவு செய்து அனுப்புங்கள். வேண்டாம் என்றால் பேக்கப் இல்லாமல் விட்டுவிடக் கூடாது. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்று மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். டிஸ்க்கை எப்போதும் மிஷினில் செருகியே வைத்திருந்தால், ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் வந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

அக்கவுண்டைப் பிரிப்பது

செட்டிங்ஸில் "அக்கவுண்ட்ஸ்", "யுவர் இன்ஃபோ". அங்கே லோக்கல் அக்கவுண்டில் நுழையச் சொல்லி ஒரு வழி இருக்கும். ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், கொடுத்ததும் ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். ஃபைலோ டேலியோ எங்கேயும் போகாது. மேலே சொன்ன 48 இலக்க எண்ணை எழுதி வைக்காமல் இதைச் செய்யக் கூடாது, மறுபடி சொல்கிறேன்.

இதில் என்ன லாபம்? மிஷினில் நடப்பதெல்லாம் ஒரு ஆளின் பெயரோடு, மெயிலோடு, போன் நம்பரோடு ஒட்டிக்கொண்டு போவது குறைகிறது. விண்டோஸ் 11ஐப் புதிதாக அமைக்கும்போது நெட்டும் அக்கவுண்டும் இல்லாமல் தாண்டுவதைக் கம்பெனி வரவர இறுக்கிக்கொண்டே வருகிறது. யூடியூபில் சொல்கிற குறுக்கு வழி இந்த வருஷம் வேலை செய்யும், அடுத்த வருஷம் செய்யாது. அதோடு மல்லுக்கட்டுவதைவிட ஆபீஸுக்கென்று ஒரு அக்கவுண்ட் போட்டு அமைத்துவிட்டு, உள்ளே போனதும் லோக்கலுக்கு மாறுவதுதான் எனக்குச் சுலபமாகப் படுகிறது. அப்படி அமைக்கிற அன்றே ஒன்டிரைவ் பேக்கப்பையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

இப்போது டெலிமெட்ரி

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். அப்போதிலிருந்தே இது சண்டை. 2016 ஜூலையில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் மைக்ரோசாஃப்டுக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுத்தது. எந்த ஆப் போடுகிறார்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சேகரிப்பது தேவைக்கு மேல், விளம்பரத்துக்கான அடையாள எண்ணைக் கேட்காமலே ஆனில் வைத்திருப்பது தவறு என்பது அதன் வாதம். கம்பெனி அடிப்படை அளவில் எடுக்கும் தகவலைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைத்தது, அமைக்கும்போதே கேட்கிற மாதிரி மாற்றியது, 2017ல் ஆணையம் நோட்டீஸை முடித்துக்கொண்டது. இன்றைக்கு நம் கையில் இருக்கிற ஸ்விட்சுகள் பல, இப்படி யாரோ விடாமல் கேட்டதால் வந்தவை. அதனால் ஒருத்தர் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது இரண்டு அளவு இருக்கிறது. ஒன்று கட்டாயம், இன்னொன்று விருப்பம். கட்டாயம் என்பதில் மிஷின் விவரம், அப்டேட் சரியாக ஏறியதா என்பது மாதிரியானவை. விருப்பம் என்பதில் நீங்கள் எட்ஜ் பிரவுசரில் போகிற தளங்கள், ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பது, அப்புறம் மிஷின் தடுமாறி நிற்கிறபோது அதன் மெமரியில் இருந்தது. இந்தக் கடைசியை நன்றாகக் கவனியுங்கள். நீங்கள் சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கும்போது புரோகிராம் கிராஷ் ஆனால், அந்த ஃபைலின் ஒரு பகுதி தெரியாமல் சேர்ந்து போகலாம். நான் இட்டுக்கட்டவில்லை, இப்படி நடக்க வாய்ப்பு உண்டு என்று கம்பெனியே தன் விளக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

"பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" உள்ளே "டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்". விருப்பத் தகவல் அனுப்புவதை ஆஃப். எழுதுவதையும் டைப் செய்வதையும் மேம்படுத்த அனுப்புவது, ஆஃப். "டெய்லர்டு எக்ஸ்பீரியன்சஸ்", ஆஃப். ஃபீட்பேக் கேட்பதை ஒருபோதும் வேண்டாம் என்று வையுங்கள். கீழே டயக்னாஸ்டிக் டேட்டாவை அழிக்கும் பட்டன் ஒன்று இருக்கும், அதையும் அமுக்கிவிடுங்கள்.

ஆனால் ஆஃப் செய்யும் முன் ஒருமுறை அங்கேயே இருக்கும் "வியூ டயக்னாஸ்டிக் டேட்டா"வை ஆன் செய்து பார்க்கச் சொல்வேன். 2018ல் கொடுத்த வசதி இது. ஸ்டோரில் இருந்து டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் என்ற இலவச ஆப் இறங்கும், டிஸ்க்கில் 1 ஜிபி வரை பிடிக்கும். ஒரு நாள் மிஷினை வழக்கம்போல ஓட்டிவிட்டு சாயங்காலம் அதைத் திறந்தேன். இடப்பக்கம் நீளமாக ஒரு பட்டியல், ஒவ்வொரு வரியிலும் நேரம், பக்கத்தில் புள்ளி வைத்து எழுதிய நீளமான பெயர். ஒரு வரியை அமுக்கினால் வலப்பக்கம் அடைப்புக்குறிகளுக்குள் நெருக்கமாக எழுத்தும் எண்ணும் வருகிறது. பெரும்பாலானது எனக்கே புரியவில்லை, புரிந்தவற்றில் மிஷின் மாடல் இருந்தது, ஆப் பெயர் இருந்தது, எல்லா வரியிலும் ஒரே அடையாள எண் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சித்தப்பா பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இது அத்தனையும் நாம ஒண்ணுமே பண்ணாம இருக்கறப்பவே போகுதா?" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன். அதற்கப்புறம் எந்த ஸ்விட்சை ஆஃப் செய்யட்டும் என்று நான் கேட்க வேண்டி வரவில்லை. உங்கள் முதலாளியோ அப்பாவோ இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். பார்த்து முடித்ததும் மறக்காமல் அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஆஃப் செய்தாலும் கட்டாயத் தகவல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஹோம், ப்ரோ எடிஷன்களில் அதைப் பூஜ்யமாக்க வழி கொடுக்கவில்லை, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷன்களில்தான் உண்டு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிற உரிமையை, காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும். ஆனாலும் அதற்காக விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியைத் தோண்டுவது, சர்வீஸ்களைக் கண்டபடி நிறுத்துவது எல்லாம் கணக்கு மிஷினில் வேண்டாம். ஓ அண்ட் ஓ ஷட்அப்10 என்று ஒரு ஜெர்மன் கம்பெனியின் இலவசக் கருவி இருக்கிறது, ஒவ்வொரு ஸ்விட்சும் என்ன செய்யும் என்று சொல்லி ஆஃப் செய்ய விடும். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் வைத்துவிட்டு, அதுவே பரிந்துரைக்கிறவற்றை மட்டும் செய்யுங்கள். அப்டேட்டை நிறுத்துகிற ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஓட்டை அடைக்கிற அப்டேட் வராத மிஷினில் இருந்து தகவல் திருடுகிறவன் உங்களிடம் எந்த ஸ்விட்சும் காட்ட மாட்டான்.

இதே காரணத்தால் இன்னொன்றும். ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டுகிற திருட்டு விண்டோஸ் நம் பக்கம் இன்னும் நிறைய மிஷின்களில் இருக்கிறது. அந்த ஆக்டிவேட்டரைப் போடும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், நாமும் நிறுத்துவோம், உள்ளே என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த மிஷினில் இந்தக் கட்டுரையில் உள்ளதை எல்லாம் செய்தாலும் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பொடக்காலியைத் திறந்து போட்ட கதைதான். லைசென்ஸ் வாங்குங்கள், இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸுக்குப் போங்கள்.

மற்றவை, சீக்கிரமாக

விளம்பர அடையாள எண் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி"யில் "ஜெனரல்" அல்லது "ரெக்கமெண்டேஷன்ஸ் அண்ட் ஆஃபர்ஸ்" என்ற பெயரில் இருக்கும், அங்கே இருக்கும் எல்லாமே ஆஃப் ஆகலாம், எதுவும் கெடாது. குரலில் டைப் செய்கிறவர் இல்லையென்றால் "ஸ்பீச்" ஆஃப். "ஆக்டிவிட்டி ஹிஸ்டரி" ஆஃப். லொக்கேஷன் ஆபீஸ் மிஷினுக்கு எதற்கு, ஆஃப். கேமரா, மைக் இரண்டிலும் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பையரோடு வீடியோ கால் பேசுகிற ஒன்றுக்கு மட்டும் விடுங்கள்.

தேடுவதில் ஒரு பழக்கம் மாற வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ஒரு பெயரை அடித்துத் தேடினால், மிஷினுக்குள் தேடுவதோடு நெட்டிலும் தேடிக் காட்டுவதற்காக அந்த எழுத்துகள் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்கும் போகின்றன. ஒரு டெய்லர் அக்காவின் பெயரையும் கூடவே பிஎஃப் என்றும் அடித்து அவர் ஃபைலைத் தேடுகிறீர்கள், அது ஏன் வெளியே போக வேண்டும்? ஃபைலைத் தேடுவதென்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, அந்த ஃபோல்டருக்குள் தேடுங்கள்.

ரீகால் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சில விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம் எடுத்து வைத்துப் பிறகு தேட உதவும் வசதி, 2024 மே மாதம் அறிவித்தார்கள். அந்தப் படங்களில் இருந்து எடுத்த எழுத்துகள் சரியான பூட்டு இல்லாமல் கிடந்ததை ஆராய்ச்சியாளர்கள் காட்டியதும் தள்ளிப்போட்டு, மாற்றி, 2025ல்தான் கொடுத்தார்கள். கோபைலட் பிளஸ் என்று விற்கிற புது லேப்டாப்புகளில் மட்டும்தான் உண்டு, நாம் ஆன் செய்தால்தான் ஓடும், படங்கள் மிஷினிலேயே இருக்கும். ஆனாலும் ஆதாரும் சம்பளமும் திறக்கிற மிஷினில் அது வேண்டாம். "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" பட்டியலில் ரீகால் டிக்கை எடுத்தால் மொத்தமாகப் போய்விடும்.

லினக்ஸ் போகலாமா?

விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பழைய மிஷின் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படி இரண்டு மிஷின் இருந்தால் ஒன்றில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள், அது இந்த மாதிரித் தகவல் எதையும் எடுத்து அனுப்புவதில்லை. 2011ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் வாங்கியவர்களுக்கு அதில் போட்டுக் கொடுத்த பாஸ் லினக்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும், நாம் அப்போது அதைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டோம். மெயில், ஷீட், பேக்கிங் லிஸ்ட், பிள்ளைகள் படிப்பு எல்லாம் மின்டில் தாராளமாக ஓடும். டேலி, ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பேட்டர்ன் போடுகிற கேட் சாஃப்ட்வேர் இவை இருக்கிற மிஷினை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள், அங்கே வம்பு வேண்டாம்.

லினக்ஸ் என்றாலே சுத்தம் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2012ல் வந்த, உபுண்டு என்கிற லினக்ஸ் வகையின் 12.10 பதிப்பில் மிஷினுக்குள் தேடுகிற வார்த்தையே அமேசான் பொருள்களைக் காட்டுவதற்காக வெளியே போனது. பெரிய எதிர்ப்பு வந்து, 2016ல் வந்த 16.04 பதிப்பில்தான் அது தானாக ஆஃப் என்று ஆனது. டிசைனர்கள் வைத்திருக்கும் மேக்கிலும் இதே வேலைதான், "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி"யில் "அனலிட்டிக்ஸ்" பகுதியை ஆஃப் செய்து, ஐகிளவுடில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சட்டம் நம்மையும் கேட்கும்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் அமலுக்கு வருகின்றன. இதைப் பெரிய கம்பெனிகளுக்கான சட்டம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். டெய்லரிடம் ஆதார் வாங்கி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைக்கிற யூனிட்டும் அந்தச் சட்டத்தின் பார்வையில் தகவலுக்குப் பொறுப்பாளிதான். பாதுகாப்பாக வைக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சின்ன யூனிட்டுக்கு அவ்வளவு போடப்போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம்தான் நிற்போம்.

அதனால் சித்தப்பா யூனிட்டில் இன்னும் இரண்டு விஷயம் மாற்றினோம். வேலையை விட்டுப் போனவர்களின் ஸ்கேன்களில் பிஎஃப், இஎஸ்ஐ கணக்குக்கு வைத்திருக்க வேண்டியவை எவை என்று ஆடிட்டரிடம் கேட்டு, மீதியை அழித்தோம். இருப்பவர்களுடையதை டெஸ்க்டாப்பில் இருந்து எடுத்து, தனி யூசர் லாகினுக்குள் ஒரே ஃபோல்டரில் வைத்தோம், அதைத் திறக்கிறவர் சீட்டை விட்டு எழுந்தால் விண்டோஸ் கீயோடு எல் அமுக்கித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

பெரிய அப்டேட் வருஷத்துக்கு ஒருமுறை வரும். அது முடிந்து மிஷின் திறக்கும்போது, அமைப்பை முடிக்கலாமா என்று ஒரு முழுத்திரைக் கேள்வி வரும், அதில் பேக்கப்பை ஆன் செய்யச் சொல்லி மறுபடி கேட்கும். பதற்றமில்லாமல் ஒவ்வொரு வரியாகப் படித்து, வேண்டாம் என்பதை அமுக்குங்கள். அன்றைக்கே இந்த ஸ்விட்சுகளை ஒருமுறை மேலிருந்து பாருங்கள், சில புதிதாக முளைத்திருக்கும், சில இடம் மாறியிருக்கும். நாங்கள் ஆபீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைக்கிறோம், என்னென்ன ஆஃப், யார் பார்த்தது என்று. இப்போது அதைப் பார்ப்பது புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்குப் பெண்ணின் வேலை. சேர்ந்த அன்றே, எந்த மிஷினிலும் தன் சொந்த மெயில் ஐடியைப் போட வேண்டாம் என்று சித்தப்பாவே அவளிடம் சொல்லிவிட்டார்.